பிடித்து வைத்த தெய்வம்

மஞ்சளை நீர்விட்டுக் குழைத்து ஒரு பிடியாகப் பிடித்து வைத்து, அதன் தலையில் ஓர் அறுகம்புல்லைச் செருகிவிட்டால் பிள்ளையார் எழுந்தருளிவிடுகிறார். திருமணமாயினும் புதுமனை புகுவிழாவாயினும் முதற்பூசை பெறும் தெய்வம் அவரே. அவரைச் செய்யச் சிற்பி வேண்டுவதில்லை. உளியும் வேண்டுவதில்லை. வீட்டில் மூத்தவள் ஒருத்தியின் கை போதும். வழிபாடு முடிந்ததும் அவரைச் சற்றே நகர்த்தி வைத்து, விடை கொடுத்து, பின்னர் நீரில் கரைத்துவிடுகிறோம். காலையில் மஞ்சளாக இருந்தது நண்பகலில் தெய்வமாக இருந்து, மாலையில் மீண்டும் மஞ்சள் நீராகிவிடுகிறது. இத்துணை எளிதாக ஒரு தெய்வத்தை ஆக்கவும் கரைக்கவும் நம் கைக்கு உரிமை எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இச்செயலைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அயல்நாட்டில் வாழும் நம்மை எண்ணிப் பார்க்க வைப்பவர்கள் நம் பிள்ளைகளே. அக்டோபர் மாத இறுதியில் கடைத்தெருவில் நடந்து செல்லும் குழந்தை, மெழுகுவத்திகளையும், உலர்ந்த மூலிகைக் கட்டுகளையும், வைக்கோற் பாவைகளையும், அவற்றைக் கையாலேயே செய்துகொள்ளக் கற்பிக்கும் நூல்களையும் காண்கிறது. அவை மந்திரக்காரிகளின் பொருள்கள் என்று பள்ளித் தோழர்கள் சொல்லக் கேட்கிறது. வீட்டுக்கு வந்து வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தையும், பூசையறையில் பிடித்து வைத்த மஞ்சளையும் பார்த்துவிட்டு, "அம்மா, நாமும் இதைத்தானே செய்கிறோம்?" என்று கேட்கிறது. "சீச்சீ, அது சூனியம், இது சாமி" என்று சொல்லி வாயடைத்துவிடுகிறோம். அந்த விடை போதுமானதுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மேலைநாட்டில் இத்தகைய வழிபாட்டினரைப் 'பேகன்' என்று அழைக்கின்றனர். அச்சொல் 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் பழம்பொருள். நகரங்களில் கிறித்தவம் பரவிய பின்னர், பழைய தெய்வங்களை விடாதவர்களைச் சுட்டும் இழிசொல்லாக அது மாறிற்று. நம்மவர் 'பட்டிக்காட்டான்' என்று ஏளனமாகச் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் உழவர்கள் அறுவடையின் கடைசிக் கதிர்க்கற்றையைப் பாவையாகப் பின்னி வீட்டில் வைத்திருப்பர். அடுத்த ஆண்டு ஏர் பூட்டும்போது அதை முதற்சாலில் இட்டு உழுதுவிடுவதும் அங்கு வழக்கமாக இருந்தது. மந்திரம் பற்றி அந்நாட்டில் 1735இல் இயற்றப்பட்ட சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் தற்காலத்து மந்திரக்காரிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர், பழித்த பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்ட ஒரு புதிய வழிபாட்டுக் கூட்டம் அங்கும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. வழிபாட்டுக்குரிய கோலையும் கயிற்றையும் விளக்கையும் கடையில் வாங்குவதைவிடத் தம் கையாலேயே செய்துகொள்வது சிறப்பு என்பது அவர்களுள் பலருடைய கொள்கை.

அந்த இழிசொல்லை நம் அன்னையரின் தெய்வங்களும் சுமந்திருக்கின்றன. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இருந்துகொண்டு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி முடித்த நூல், 1867 வரை அச்சேறாமலே கிடந்தது. சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி வைட்ஹெட், தென்னிந்தியக் கிராம தேவதைகளைப் பற்றிய தம் நூலை 1916இல் வெளியிட்டார். அவர்கள் கண்டவற்றைப் பொறுமையாகக் குறித்து வைத்தமைக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். ஆயினும் அக்காலத்துச் சமயப் பணியாளர் பலருக்கு மாரியும் கங்கம்மாவும் பேய்களாகவே தோன்றினர். பிறர் மட்டுமா? நம்முள் கற்றோர் எனப்பட்டவர்களும் பெருங்கோயிலை ஒருவகையாகவும் ஊர்ப்புறத்து மண் மேடையை வேறுவகையாகவும் மதித்தவர்களே. ஆகவே, "அது சூனியம், இது சாமி" என்று நாம் சொல்லுமுன், அதே சொல்லால் நாமும் ஒரு காலத்தில் அளக்கப்பட்டோம் என்பதை நினைவிற்கொள்ளுதல் நலம்.

கையால் செய்த தெய்வத்தின் பொருளை அறிய வேண்டுமானால், நாம் போக வேண்டிய ஊர் திருப்பதி. ஏழுமலையான் வீற்றிருக்கும் மலையின் மேலே அன்று, மலையடிவாரத்து ஊருக்குள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் காட்டியது இந்த வேங்கடத்தையே. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதன்பாற் சென்றது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பலமுறை மாறினும், சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளை ஒரே வீட்டில், வழங்கிவருகின்றன. கங்கம்மாவும் நம் மாரியம்மனுக்கு அக்காளோ தங்கையோதான்.

திருப்பதியில் தாதய்யகுண்டா கங்கம்மா கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வார காலம் ஜாத்திரை நடைபெறுகிறது. கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அதனால் மலைக்கோயிலிலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் பிறந்த வீட்டுச் சீராக வருகின்றன. கதை இது: பெண்களுக்குக் கொடுமை இழைத்துவந்த பாளையக்காரன் ஒருவன், கங்கம்மாவின் கையையே பற்றத் துணிந்தான். அவள் சினந்து எழவே, அவன் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் துரையின் வேடத்தில் வரவே, தனக்கு மேலான தலைவன் வந்தான் என்று நம்பி அவன் வெளிப்பட்டான். அவள் அவன் தலையைக் கொய்தாள்.

இக்கதையை ஊரார் தம் கைகளாலும் உடல்களாலும் மீண்டும் நடத்திக் காட்டுகின்றனர். கைகாலக் குடும்பத்தைச் சேர்ந்த ஆடவர் பைராகியாகவும் தோட்டியாகவும் துரையாகவும் மாதங்கியாகவும் அம்மனின் வேடங்களைத் தாங்கி வீதி வலம் வருவர். நேர்ந்துகொண்ட ஆடவர் புடவை உடுத்தி, மை தீட்டி, பூச்சூடிக் கோயிலுக்கு வருவர். மூங்கிற் பிளாச்சுகளைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டிக் கோபுர வடிவில் செய்த சப்பரங்களைத் தலையில் தாங்கி வருவோரும் உண்டு. உடலெங்கும் சுண்ணாம்பு வெண்மை பூசிக் கரும்புள்ளி இட்டு வருவோரும் உண்டு. வேப்பிலை, மஞ்சள், மண்பானை, மூங்கில், காகிதம் இவையே அவ்விழாவின் பொருள்கள். விலை மதிப்புள்ளது ஒன்றும் இல்லை. மேலே மலையில் பொன் வேய்ந்த விமானம் நிற்க, கீழே ஊரில் தங்கையின் விழா காகிதக் கோபுரத்தோடு நடக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இவ்விழாவை நேரிற் கண்டு ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட நூலில், அந்நாள்களில் உலகமே பெண்மையாகிறது என்று கருத்துரைத்தார். பெண்ணை வருத்திய ஆண்மையை எதிர்க்கும் விழாவில் ஆடவன் பெண்ணுடை உடுத்துவது வெறும் கூத்தன்று என்பது அவர் எழுத்தால் விளங்குகிறது.

விழாவின் இறுதி இரவில், கோயிலின் முன்னே களிமண்ணால் அம்மனின் பெரிய திருமுகத்தை அமைக்கின்றனர். அதனை விசுவரூபம் என்பர். அகன்ற விழிகளும் செவ்வாயும் எழுதி, அம்மன் முழுமையாக எழுந்தருளியதாகக் கருதி மக்கள் கைகூப்புகின்றனர். சிறிது பொழுதே அக்காட்சி. பின்னர்ப் பேரண்டாலு வேடம் தாங்கியவர் வந்து, அந்த மண் முகத்தின் கன்னத்தில் வெட்டுகிறார். முகம் சிதைகிறது. கூடியிருந்தோர் முண்டியடித்து அம்மண்ணை அள்ளுகின்றனர். கைப்பிடி மண் கிடைத்தவர் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று பூசையில் வைக்கின்றனர். நோய்க்கு மருந்தென நம்பிப் பூசிக்கொள்வோரும் உண்டு.

ஓர் ஊர் தன் தெய்வத்தைத் தானே படைத்துத் தானே உடைக்கிறது. அவ்வாறு உடைத்தவர்களை யாரும் நாத்திகர் என்று சொல்வதில்லை. ஏன்?

இக்கேள்விக்கு எதிரே நிறுத்திப் பார்க்கத் தக்க நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. 1953ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், திருச்சி நகரமன்ற மைதானத்தில், பெரியார் ஈ.வெ.ரா. களிமண் பிள்ளையாரை உடைத்தார். இது மண் என்பதை மக்கள் கண்ணால் காணட்டும் என்பது அவர் நோக்கம். மனம் புண்பட்ட அன்பர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கோயிலில் நிறுவப்படாத வெறும் மண்ணுருவம் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்மன்றங்கள் வழக்கைத் தள்ளின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958இல் அம்மன்றம், ஒரு பொருள் எவ்வளவு அற்பமானதாயினும், ஒரு மக்கட் பிரிவினர் அதனைப் புனிதமாகக் கருதுவராயின் அது சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியதே என்று கூறியது. கோயிலில் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை என்றும் விளக்கியது. ஆயினும் ஆண்டுகள் பல கழிந்துவிட்டமையால் வழக்கை மேலும் நடத்த ஆணையிடவில்லை.

இவ்வழக்கில் நாம் ஒரு பக்கம் சேர்ந்து வாதிட வரவில்லை. நாம் காண்பது இதுதான்: பெரியார் மெய்ப்பிக்க விரும்பிய செய்தி, அது மண் என்பது, குயவனுக்கும் கங்கம்மாவின் ஊராருக்கும் முன்னரே தெரியும். தெரியாதவர்கள் எப்படித் தம் கையாலேயே அதைச் சிதைப்பார்கள்? நீதிமன்றம் சொன்னதும் ஆழ்ந்த உண்மையே. புனிதம் மண்ணில் இல்லை, மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது. ஆனால் அவ்வுறவு எத்தன்மையது என்பதைச் சட்டம் ஆராய வேண்டுவதில்லை. அறம் ஆராய்ந்தே தீர வேண்டும். ஏனெனில் கருதுவதெல்லாம் புனிதம் என்று விட்டுவிட்டால், கொடியவற்றையும் புனிதமென்று கருதுவோர் இருப்பர்.

அவ்வுறவின் தன்மையை வேங்கட மலையைச் சார்ந்த மற்றொரு கதை விளக்குகிறது. வைணவப் பெரியோர் போற்றும் குரும்பறுத்த நம்பி ஒரு குயவர். பானை வனைந்து பிழைக்கும் அவருக்கு மலையேறிச் சென்று மலர் தூவப் பொழுதில்லை. வேலை செய்த கையில் ஒட்டியிருந்த மண்ணையே மலராக்கித் தாம் வைத்திருந்த மர உருவத்துக்குச் சாத்தி வந்தார். அக்காலத்துத் தொண்டைமான் மன்னன் பெருமானுக்குப் பொன்மலர் சாத்தி வழிபட்டவன். ஒருநாள் தன் பொன்மலர்களுக்கு மேலே மண்மலர்கள் கிடப்பதைக் கண்டு திகைத்தான். அவை யார் இட்டவை என்று தேடிச் சென்று, சேறு படிந்த கையோடு இருந்த குயவரை வணங்கினான் என்பது வரலாறு. புதிய மண் ஓட்டில் வைத்த தயிரன்னமே இன்றும் மலைமேல் கருவறைக்குள் செல்லும் என்று கூறும் மரபு, இக்கதையோடு இணைத்து எண்ணத் தக்கது.

மன்னன் கொடுத்தது அவனிடம் மிஞ்சியிருந்த பொருள். குயவர் கொடுத்ததோ தம் நாளின் ஒரு பகுதி. பொன்னைப் பிறர் தோண்டினர், பிறர் உருக்கினர், பிறர் தட்டினர். மண்மலரில் குயவரின் விரல் ரேகை இருந்தது. கையால் செய்தல் என்பதன் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. கைவினைப் பொருள் அழகாக இருப்பதால் உயர்ந்ததன்று. அதைச் செய்தவன் தன் வாழ்நாளில் ஒரு சிறு கூறை அதில் வைத்துவிடுகிறான். அதனைத் திரும்பப் பெற முடியாது. மஞ்சள் பிடிக்கும் தாயின் கையிலும் அதுவே நிகழ்கிறது.

இனி, குழந்தையின் கேள்விக்கு வருவோம். கையால் செய்வது ஒன்றே போதுமா? போதாது. பகைவனின் தலைமயிரை வைத்து மாவால் பாவை செய்து, அதில் முள்ளைக் குத்திப் புதைப்பவனும் கையால்தான் செய்கிறான். அவனும் நள்ளிரவில் விழித்திருக்கிறான், விரதம் காக்கிறான், சிந்தை சிதறாமல் செய்கிறான். மாவும் ஒன்று, கையும் ஒன்று, ஊக்கமும் ஒன்று. வேற்றுமை எங்கே? ஒருவன் செய்த பொருளால் தன்னை ஒரு கடமைக்கு உட்படுத்துகிறான். மற்றவன் அதனால் வேறொருவரைத் தன் விருப்பத்துக்கு உட்படுத்த எண்ணுகிறான். கன்னம் வெட்டுண்ட அம்மனின் மண்ணை ஊரார் அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். முள் குத்திய பாவையையோ யாரும் அறியாமல் புதைக்க வேண்டியிருக்கிறது. வெளிப்படையாகச் செய்யவும், பிறரோடு பகிரவும், முடிந்ததும் விட்டுவிடவும் இயலுமா என்று கேட்டுப் பார்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கக் காண்கிறோம்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், வைக்கோற் பாவை பின்னும் அயல்வீட்டுப் பெண்மணி சூனியக்காரி ஆகிவிட மாட்டாள். அறுவடைக்கு நன்றி சொல்லிப் பின்னி, அடுத்த உழவில் மண்ணுக்கே தருபவள் நம் பாட்டிக்கு உறவினளே. அதே அளவுகோல் நம்மையும் விடாது. கங்கம்மா ஜாத்திரையில் பொங்கலும் படைக்கப்படுகிறது, கோழியும் ஆடும் பலியிடப்படுகின்றன. தன் உழைப்பைத் தருவது காணிக்கை. வாயில்லா உயிரின் வாழ்வைத் தன் நேர்த்திக்கு விலையாகத் தருவது எவ்வாறு தன் காணிக்கையாகும்? அம்மனுக்குப் பூசணியும் எலுமிச்சையும் போதும் என்று முன்னோரில் பலர் மாற்றிக்கொண்டதும் இதை உணர்ந்தே போலும்.

சூனியத்தைப் பற்றி மற்றோர் உண்மையையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். முள் குத்திய பாவை யாரையும் கொன்றதில்லை. 'சூனியக்காரி' என்ற சொல்லோ பலரைக் கொன்றிருக்கிறது. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், அப்பழி சுமந்து மாண்டனர். இந்தியாவில் அக்கொடுமையைத் தடுக்கப் பீகார் 1999இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஜார்க்கண்டிலும் 2001இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகாராட்டிரத்தில், மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே அங்கும் ஒரு சட்டம் வந்தது. ஆகவே "அது சூனியம்" என்று அயலாரின் வழிபாட்டைச் சுட்டிக் குழந்தையிடம் சொல்லும்போது, நாம் எத்தகைய சொல்லை அதன் கையில் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

கடைசியாக நம் வீட்டு நிலை. இங்கே மண் பிடிக்க வயல் இல்லை, வேப்பமரம் இல்லை, நேரமும் இல்லை. அச்சில் வார்த்த பிள்ளையார் பெட்டியில் வருகிறார். எழுத்தாணி போன்ற மூங்கிற் கலத்தால், கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கருமை கொண்டு காளத்திக் கலைஞர்கள் வரையும் கலம்காரித் திரைகளைப் போலவே தோன்றும் அச்சுத் துணிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கியவை எல்லாம் வீண் என்று நாம் சொல்லவில்லை. குயவரிடம் பானையும் ஒரு காலத்தில் வாங்கியதே. கொலுவில் வைக்கும் திருப்பதி மரப்பாச்சி இணையை எண்ணிப் பாருங்கள். செம்மரத்தில் கடைந்தவர் யாரோ. ஆனால் ஆண்டுதோறும் பழம்புடவைக் கிழிசலைத் தைத்து அவற்றுக்கு உடுத்திவிடுவது வீட்டுச் சிறுமியின் கை. வாங்கிய பொருளுக்கும் நம் கையால் சேர்க்க ஏதோ ஒன்று இருக்கவே இருக்கிறது. அதையும் சேர்க்காமல், பெட்டியைப் பிரித்து வைத்து, விழா முடிந்ததும் மீண்டும் பெட்டியில் அடைத்துவிடும்போதுதான் வழிபாட்டில் நாம் இல்லாமற் போகிறோம்.

கரைப்பதையும் நாம் பயில வேண்டும். சுண்ணச்சாந்துப் பிள்ளையார் நீரில் கரைவதில்லை. அதனாலேயே இந்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இலும் மீண்டும் 2020இலும் களிமண்ணைப் பயன்படுத்த வலியுறுத்தி நெறிமுறைகள் வெளியிட்டது. கரையாத தெய்வம் ஆற்றுக்கு மட்டும் கேடன்று. செய்ததை விட்டுக் கொடுக்கும் பழக்கத்தையும் நம்மிடமிருந்து அது எடுத்துவிடுகிறது. தான் பிடித்த பிள்ளையாரைக் கரைக்கும்போது குழந்தை அழக்கூடும். அழட்டும். "நீ செய்ததுதானே, அடுத்த ஆண்டும் செய்யலாம்" என்று சொல்லும்போது, பொருள் போனாலும் செய்யும் திறம் கையில் இருக்கிறது என்பதை அது கற்றுக்கொள்கிறது.

திருப்பதியில் விடியலில் அம்மண்ணை அள்ளியவர்கள் அதனை முந்தானையில் முடிந்து வீட்டுக்கு நடக்கிறார்கள். நமக்கு அது வாய்ப்பதில்லை. பிறந்த மண்ணில் ஒரு பிடியைப் பெட்டியில் எடுத்துவரப் பல நாடுகளின் சட்டம் இடம் தருவதில்லை. மண் வராது, ஆனால் கை நம்மோடு வந்திருக்கிறது. இந்த நாட்டு மண்ணும் பிடித்தால் பிடிபடும். அடுத்த முறை குழந்தை அக்கேள்வியைக் கேட்கும்போது, "சீச்சீ" என்று தொடங்காமல், மஞ்சளைக் குழைத்து அதன் கையில் ஒரு பிடி வைப்போம். பிடித்து முடித்ததும், இதை யாருக்குத் தீங்கு வரும்படியும் வேண்டிக்கொள்ளக் கூடாது என்றும், மாலையில் கரைத்துவிட வேண்டும் என்றும் சொல்வோம். குழந்தை கேட்ட கேள்விக்கு நாம் அறிந்த விடை அவ்வளவே.